பக்கவாதத்துக்கும் தலைக்காயத்துக்கும் ஆக்சிஜன் சேம்பர்: சேர்வதற்கு முன்பும் சேர்ந்த பிறகும் செய்ய வேண்டியவை

பக்கவாதம் வந்தவரையோ தலையில் அடிபட்டவரையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஆறேழு மாதம் கழித்து ஒரு கட்டம் வரும். ஆரம்பத்தில் வாரத்துக்கு வாரம் கண்ணுக்குத் தெரிந்த முன்னேற்றம் மெதுவாகிவிடும். விரல் மடங்கியபடியே கிடக்கும், சொல்ல வந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்து நின்றுவிடும். சரியாக அந்த நேரத்தில்தான் யாராவது ஒருவர், "ஆக்சிஜன் சேம்பர்னு ஒண்ணு இருக்கு, நாற்பது சிட்டிங் போனா கை வந்துடும்" என்பார். எங்கள் வீட்டில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த எட்டாவது மாதம் இது நடந்தது. போனோம். நாற்பது நாள் அந்தக் கண்ணாடிக் குழாய்க்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். போவதற்கு முன்பு எனக்குத் தெரிந்திருக்க வேண்டியவை, நடுவில் கற்றுக்கொண்டவை, இரண்டையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன். போகலாமா வேண்டாமா என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஆனால் எதையும் அளந்து வைக்காமல் போகாதீர்கள், பிசியோதெரபியை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். இந்த இரண்டு மட்டும் மனதில் நின்றால் போதும்.

முதலில் அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் அது புரிந்தால் பாதி விளம்பரங்களின் சாயம் வெளுத்துவிடும். நாம் மூச்சில் இழுக்கும் காற்றில் 21 சதவீதம்தான் ஆக்சிஜன். ஆனாலும் நுரையீரல் நன்றாக இருந்தால் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் அதிலேயே கிட்டத்தட்ட முழுதாக நிரம்பிவிடும். அதனால் சும்மா முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்தால் கூடுதலாக ஏறுவது கொஞ்சம்தான். ஹீமோகுளோபினில் ஒட்டாமல் ரத்தத்தின் நீர்ப்பகுதியில் நேரடியாகக் கரைந்திருக்கும் ஆக்சிஜன் என்று ஒன்று உண்டு. சாதாரணமாக 100 மில்லி ரத்தத்தில் அது 0.3 மில்லிதான் இருக்கும். சோடா பாட்டிலில் அழுத்தம் கொடுத்து வாயுவைக் கரைப்பது போல, அறையின் அழுத்தத்தை ஏற்றிச் சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசிக்க வைத்தால் இந்த அளவு பல மடங்கு ஏறும். கடல்மட்ட அழுத்தத்தின் மூன்று மடங்கில் அது 6 மில்லியைத் தொடும். ஓய்வில் இருக்கும் உடம்புக்கு ஏறக்குறைய அதுவே போதும். 1960இல் ஆம்ஸ்டர்டாமில் பூரெமா என்ற அறுவை மருத்துவர் பன்றிகளின் ரத்தத்திலிருந்து சிவப்பணுக்களைக் கிட்டத்தட்ட முழுவதுமாக எடுத்துவிட்டு, அழுத்த அறைக்குள் அவற்றை உயிரோடு வைத்துக் காட்டியது இதை நம்பித்தான்.

மூளை விஷயத்தில் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதில்லை, பெரும்பாலும் 1.5 முதல் 2 மடங்குதான். 2 மடங்கு என்றால் தண்ணீருக்குள் 10 மீட்டர் ஆழத்தில் இருப்பது போல. இதற்குப் பின்னால் உள்ள கருத்து இதுதான்: அடைப்போ அடியோ பட்ட இடத்தின் நடுப்பகுதி செத்துவிடுகிறது, ஆனால் அதைச் சுற்றி ஒரு விளிம்பில் உயிர் இருந்தும் வேலை செய்யச் சக்தியில்லாத செல்கள் கிடக்கின்றன, ஆக்சிஜன் கிடைத்தால் அவை எழுந்துகொள்ளலாம். கருத்து அழகாகத்தான் இருக்கிறது. செத்த செல்லை எந்த ஆக்சிஜனும் எழுப்பாது என்பதையும் அதோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

உங்கள் வீட்டுப் பிரச்சினை எந்த வகை?

"மூளைக்கு ஆக்சிஜன் நல்லதா?" என்று மொத்தமாகக் கேட்டால் பதிலே கிடைக்காது. என்ன பாதிப்பு, வந்து எத்தனை நாள் ஆகிறது என்று பிரித்துத்தான் கேட்க வேண்டும்.

சில நிலைமைகளில் இது ஏற்றுக்கொள்ளப்பட்ட சிகிச்சை, அங்கே தாமதம்தான் ஆபத்து. மூடிய அறையில் ஜெனரேட்டர் புகையோ அடுப்புக்கரிப் புகையோ சூழ்ந்து கார்பன் மோனாக்சைடு விஷமேறி மயங்கியவர், ஆழ்கடலில் மூழ்கி வேகமாக மேலே வந்து மூளை பாதிக்கப்பட்டவர், சிகிச்சையின்போதோ விபத்திலோ ரத்தக்குழாய்க்குள் காற்றுக்குமிழி புகுந்து மூளைக்குப் போனவர், மூளைக்குள் சீழ்க்கட்டி வந்தவர் ஆகியோர் இந்த வகை. கார்பன் மோனாக்சைடு பற்றி 2002இல் வந்த ஒரு நல்ல ஆய்வில் 152 பேர் இருந்தார்கள். 24 மணி நேரத்துக்குள் மூன்று முறை சேம்பருக்குள் போனவர்களில் 25 சதவீதம் பேருக்கு ஆறு வாரம் கழித்து நினைவு, கவனம் சார்ந்த பாதிப்பு இருந்தது, சாதாரண அழுத்தத்தில் ஆக்சிஜன் பெற்றவர்களில் அது 46 சதவீதம். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: ஒரு கண்ணில் வலியே இல்லாமல் திடீரென்று பார்வை போய்விட்டால் அது விழித்திரையின் தமனி அடைப்பாக இருக்கலாம், கண்ணுக்கு வரும் பக்கவாதம் என்றே சொல்லலாம். அதற்கும் இந்தச் சிகிச்சை அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறது, ஆனால் மணிக்கணக்கில்தான் நேரம் இருக்கும். இரண்டு நாள் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இருக்கக் கூடாது.

இரண்டாவது வகை, இப்போதுதான் வந்த பக்கவாதம். முகம் கோணுகிறது, கை தூக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது. இந்த நேரத்தில் சேம்பரைப் பற்றி யோசிக்கவே கூடாது. ஸ்கேன் இருக்கும் பெரிய மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக 4.5 மணி நேரம்தான் அவகாசம், குழாய் வழியாக அடைப்பை இழுத்தெடுக்கும் சிகிச்சை தகுதியானவர்களுக்கு 24 மணி நேரம் வரை உண்டு. ரத்தக்கசிவா அடைப்பா என்பது ஸ்கேன் எடுக்காமல் தெரியாது. புதுப் பக்கவாதத்துக்குச் சேம்பரைச் சோதித்துப் பார்க்காமல் இல்லை. 2014 வரை நடந்த 11 ஆய்வுகளை, மொத்தம் 705 பேர், காக்ரன் ஆய்வுக்குழு சேர்த்துப் பார்த்தபோது ஆறு மாதத்தில் இறப்பு விகிதத்தில் வித்தியாசம் தெரியவில்லை. அமெரிக்கப் பக்கவாத வழிகாட்டுதலும், காற்றுக்குமிழியால் வந்ததைத் தவிர மற்றவற்றுக்கு இதைப் பரிந்துரைக்கவில்லை.

மூன்றாவது, பலத்த தலைக்காயத்தோடு ஐசியூவில் கோமாவில் இருப்பவர்கள். 1992இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 168 பேரில், சேம்பர் சிகிச்சை பெற்றவர்களின் இறப்பு 17 சதவீதமாகவும் பெறாதவர்களுடையது 32 சதவீதமாகவும் இருந்தது. பெரிய வித்தியாசம்தான். ஆனால் பிழைத்தவர்கள் தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்தார்களா என்றால், அந்த எண்ணிக்கை கூடவில்லை. 2012இல் 7 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்கள். இது ஐசியூ மருத்துவர்கள் முடிவெடுக்க வேண்டிய விஷயம், குடும்பம் வெளியே மையம் தேடி ஏற்பாடு செய்யும் விஷயம் அல்ல.

நான்காவது வகைதான் நம்மில் பெரும்பாலோருடையது. பக்கவாதமோ அடியோ வந்து மாதங்களோ வருடங்களோ ஆகிவிட்டது, இனி என்ன செய்யலாம்?

மையங்கள் உங்களிடம் காட்டுவது பெரும்பாலும் இஸ்ரேலில் இருந்து 2013இல் வந்த இரண்டு ஆய்வுகளாக இருக்கும். ஒன்றில் பக்கவாதம் வந்து 6 முதல் 36 மாதம் ஆன 74 பேர், 2 மடங்கு அழுத்தம், 90 நிமிடம், 40 அமர்வு. மற்றொன்றில் லேசான தலைக்காயம் பட்டு 1 முதல் 5 வருடம் ஆன 56 பேர், 1.5 மடங்கு அழுத்தம், 60 நிமிடம், 40 அமர்வு. இரண்டிலும் முன்னேற்றம் தெரிந்தது, மூளை ஸ்கேன் படங்களில் நிறமும் மாறியது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்தவர்கள் எந்தச் சேம்பருக்குள்ளும் போகாமல் இரண்டு மாதம் சும்மா காத்திருந்தவர்கள். அதாவது யாருக்குச் சிகிச்சை கிடைக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

அமெரிக்க ராணுவம் இதைச் சரிசெய்து பார்த்தது. தலைக்காயத்துக்குப் பிறகு தலைவலி, மறதி, எரிச்சல் என்று அவதிப்பட்ட படைவீரர்களைப் பிரித்து, சிலருக்கு உண்மையான சிகிச்சை, சிலருக்கு அதே சேம்பரில் காது அடைக்கும் அளவுக்கு மட்டும் லேசாக அழுத்தம் ஏற்றிச் சாதாரணக் காற்று. உள்ளே இருப்பவருக்கு எது தனக்கு என்று கண்டுபிடிக்க முடியாது. 2012இல் 50 பேர், 2015இல் 72 பேர். இரண்டு ஆய்வுகளிலும் உண்மையான சிகிச்சை பெற்றவர்களும் தேறினார்கள், சும்மா காற்று பெற்றவர்களும் தேறினார்கள், இருவருக்கும் நடுவே வித்தியாசம் இல்லை. 2018இல் வந்த இன்னொன்றில், 71 பேர், மூன்று மாதத்தில் ஆக்சிஜன் பக்கம் கொஞ்சம் நன்மை தெரிந்து, பிறகு அது நிலைக்கவில்லை. லேசான அழுத்தமும் ஒரு மருந்துதான், அதனால்தான் இரண்டு பக்கமும் தேறியது என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அப்படியே வைத்துக்கொண்டாலும், கூடுதல் ஆக்சிஜன் கொடுத்ததற்குக் கூடுதல் பலன் தெரியவில்லை என்பது மாறப்போவதில்லை. தினமும் கிளம்பிப் போவது, நாலு பேரோடு பேசுவது, ஒரு மணி நேரம் அமைதியாகப் படுத்திருப்பது, யாரோ நம்மை அக்கறையாகக் கவனிப்பது, இதெல்லாம் சேர்ந்து ஒரு மனிதனுக்கு எவ்வளவு செய்யும் என்பதை நான் அப்பாவிடம் கண்ணால் பார்த்தேன். அதைக் குறைவாக மதிப்பிட மாட்டேன். ஆனால் அதற்கு அழுத்த அறை தேவையில்லை.

இதனால்தான் 2013இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் மக்களுக்கு விடுத்த எச்சரிக்கையில், நிரூபிக்கப்படாமல் விற்கப்படும் பயன்பாடுகளின் வரிசையில் பக்கவாதமும் மூளைக்காயமும் இருந்தன. மையத்தில் இதைச் சொன்னால் சிலர் கோபப்படுவார்கள். "ஆமாம், பழைய பக்கவாதத்துக்கு இன்னும் உறுதியான சான்று வரவில்லை, முயன்று பார்க்கலாம்" என்று நேராகச் சொல்பவரிடம் மேற்கொண்டு பேசலாம்.

மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டியவை

மையத்தின் மருத்துவரைத் தவிர, உங்கள் நரம்பியல் மருத்துவரையும் தனியாகப் பாருங்கள். மருந்துப் பெட்டியை அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து நிற்கிறது என்றால், அதைச் சரிசெய்யும் வரை சேம்பருக்குள் போகவே கூடாது, அழுத்தம் குறையும்போது அந்தக் காற்று விரிந்து உயிருக்கே ஆபத்தாகும். அதனால் மார்பு எக்ஸ்ரே எடுத்தார்களா என்று கேளுங்கள். நீண்ட நாள் புகைபிடித்து நுரையீரல் கெட்டவர்கள், இதயம் பலவீனமானவர்கள், புற்றுநோய்க்கு ப்ளியோமைசின் போன்ற மருந்து எடுத்தவர்கள் அதை மறைக்கவே கூடாது. ஆக்சிஜன் ரத்தக்குழாயைச் சுருக்குவதால் ரத்த அழுத்தம் ஏறும், பக்கவாதம் வந்தவருக்கு அது சின்ன விஷயமில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு உள்ளே சர்க்கரை இறங்கலாம், எனவே வெறும் வயிற்றோடு போகக் கூடாது, ஒவ்வொரு முறையும் போவதற்கு முன்பு பரிசோதிக்க வேண்டும்.

மூளை பாதிக்கப்பட்டவர்களுக்கு என்று தனியாகச் சில கவலைகள் உண்டு. முதலாவது வலிப்பு. அழுத்தத்தில் அதிக ஆக்சிஜன் மூளையை எரிச்சல்படுத்தி வலிப்பு வரவைக்கலாம். பொதுவாக அது பல ஆயிரம் அமர்வுகளுக்கு ஒன்று என்ற அளவில் அரிது, ஆனால் தழும்பு விழுந்த மூளைக்கு அந்த நிம்மதி முழுதாகப் பொருந்தாது. வலிப்பு மாத்திரை ஒரு வேளை தவறினாலும், காய்ச்சல் இருந்தாலும், இரவு தூங்காமல் இருந்தாலும் அன்று போகாதீர்கள். அடுத்தது உடம்புக்குள் வைத்திருக்கும் கருவிகள்: பேஸ்மேக்கர், மூளை நீரை வடிக்கும் ஷன்ட், முதுகில் மருந்து செலுத்தும் பம்ப், காதுக்குள் வைத்த கருவி. இவை எத்தனை மடங்கு அழுத்தம் தாங்கும் என்று செய்த நிறுவனம் அளவு கொடுத்திருக்கும், மையம் அதை எழுத்தில் பார்த்த பிறகுதான் உள்ளே விட வேண்டும். கழுத்தில் டிராக்கியாஸ்டமி குழாய் இருந்தால் அதைப் பிடித்து நிறுத்தும் சிறு பலூனில் காற்றுக்குப் பதில் உப்புநீர் நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தத்தில் அது சுருங்கிக் கசியும். இதை நீங்கள் கேட்காமலே அவர்கள் சொன்னால் நல்ல மையம் என்று அர்த்தம்.

மையத்தை எப்படிப் பார்ப்பது

முதல் கேள்வி, இது உலோகத்தாலோ தடித்த அக்ரிலிக்காலோ ஆன கடினமான சேம்பரா அல்லது காற்றடித்து ஊதும் பை போன்றதா. ஊதும் பைகள் பெரும்பாலும் 1.3 மடங்குக்கு மேல் போவதில்லை. அமெரிக்காவில் அவற்றுக்கு அனுமதி கொடுத்தது மலையேறுபவர்களுக்கு வரும் உயர நோய்க்காக. பெயர் ஒன்றுதான், பொருள் வேறு. சேம்பர் ஆய்வுகளைக் காட்டி ஊதும் பையை விற்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து ஆட்கள். அழுத்த மருத்துவத்தில் பயிற்சி பெற்ற மருத்துவர் அமர்வு நடக்கும்போது கட்டடத்தில் இருப்பாரா, வருவதே வாரத்துக்கு ஒரு நாள்தானா? இயக்குபவர் நாற்காலியை விட்டு எழுந்து போகிறாரா? உள்ளே வலிப்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். சரியான பதில், ஆக்சிஜனை நிறுத்திக் காற்றுக்கு மாற்றுவோம், வலிப்பு நிற்கும் வரை அழுத்தத்தை இறக்க மாட்டோம் என்பதுதான். வலிப்பில் மூச்சு அடைத்திருக்கும்போது அழுத்தத்தை இறக்கினால் நுரையீரல் கிழியக்கூடும். "உடனே கதவைத் திறந்துடுவோம்" என்று யாராவது சொன்னால் அங்கே வேண்டாம்.

தீ பற்றி நான் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதில் அலட்சியம் என்பது திருத்திக்கொள்ள இரண்டாவது வாய்ப்பே தராது. ஆக்சிஜன் நிறைந்த இடத்தில் ஒரு சின்னப் பொறி போதும், நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். 1997இல் மிலான் நகரத்தில் ஒரு மருத்துவமனைச் சேம்பரில் தீப்பிடித்து 11 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் சேம்பருக்குள்ளேயே எரிந்து இறந்தான். எனவே ஒவ்வொரு முறையும் அவர்கள் கொடுக்கும் முழுப் பருத்தி உடைதான். செல்பேசி, கைக்கடிகாரம், காது கேட்கும் கருவி, பேட்டரி உள்ள எதுவும், கை சூடாக்கும் பை, தீப்பெட்டி எதுவும் கூடாது. தலைக்கு எண்ணெய், உடம்பில் கிரீம், வாசனைத் திரவியம், உதட்டுக்கு வாஸ்லைன், நகப்பூச்சு, சவுரி முடி எதுவும் அன்று கூடாது. ஒருவர் படுக்கும் சேம்பர் என்றால் நிலைமின்சாரம் வெளியேற மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டுவார்கள், கட்டினார்களா என்று தினமும் நீங்களே பாருங்கள். மறதி உள்ள நோயாளி சட்டைப்பையில் என்ன வைத்திருப்பார் என்று அவருக்கே தெரியாது, சோதிக்க வேண்டியவர் நீங்கள்தான். எந்தச் சோதனையும் இல்லாமல் சொந்த உடையோடு உள்ளே படுக்கவைக்கும் இடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

ஆரம்பிக்கும் முன் அளந்து வையுங்கள்

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பிசியோதெரபிஸ்ட் ஒருவர்தான் பேச்சுவாக்கில், "ஆரம்பிக்கும் முன்னாடி நடையை டைம் பண்ணி வெச்சுக்கோங்க" என்றார், அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

முதல் அமர்வுக்கு இரண்டு வாரம் முன்பே ஆரம்பியுங்கள். தரையில் 10 மீட்டர் குறித்து, நடக்க எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். கைக்கு, ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு ஒன்பது நாணயத்தை எடுத்துப் போடும் நேரம். பேச்சுக்கு, ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகத்தின் பெயர் சொல்கிறார். தலைக்காயம் என்றால் தலைவலி வந்த நாட்கள், பகலில் தூங்கிய நேரம், தொடர்ந்து எத்தனை நிமிடம் படிக்க முடிந்தது, எத்தனை முறை கோபம் வந்தது. எல்லாவற்றையும் எடுக்க வேண்டாம், உங்களுக்கு எது முக்கியமோ அதில் மூன்றே மூன்று. ஆனால் ஒரு தடவை அளந்தால் போதாது. அப்பா 10 மீட்டர் நடந்த நேரம் மூன்று வெவ்வேறு நாட்களில் 26, 31, 24 வினாடி. எந்தச் சிகிச்சையும் இல்லாமலே ஏழு வினாடி முன்னும் பின்னும் போகிறது. நான் அந்த 31ஐ மட்டும் குறித்து வைத்திருந்தால், நாற்பது நாள் கழித்து வந்த 22ஐப் பார்த்து ஊரெல்லாம் அற்புதம் என்று சொல்லியிருப்பேன்.

வீடியோவும் எடுங்கள், ஒரே இடம், ஒரே நேரம், ஒரே செருப்பு. பிறகு அந்த வீடியோக்களை, எது முன்பு எது பின்பு என்று சொல்லாமல், தினமும் நோயாளியைப் பார்க்காத ஓர் உறவினருக்கு அனுப்பி "எதில் நன்றாக நடக்கிறார்?" என்று கேளுங்கள். நம் கண் ஆசைப்பட்டதைத்தான் பார்க்கும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மையம் காட்டும் வண்ண ஸ்கேன் படத்தைவிட எனக்கு இந்த வீடியோ மேலானது, ஏனென்றால் படத்தில் சிவப்பு கூடுவதால் மட்டும் சட்டைப் பொத்தானைப் போட முடியாது.

அமர்வு நாள்

லேசாகச் சாப்பிட்டுவிட்டு, கழிப்பறைக்குப் போய்விட்டு வரவேண்டும், ஒன்றரை மணி நேரம் நடுவில் எழ முடியாது. அன்று புகை கூடவே கூடாது. சளி பிடித்து மூக்கடைத்திருந்தால் போகாதீர்கள், ஒரு நாள் போனால் போகட்டும்.

முதல் பத்துப் பதினைந்து நிமிடம்தான் கஷ்டம், அழுத்தம் ஏறும்போது காது அடைக்கும். இந்தச் சிகிச்சையில் அதிகம் வரும் தொல்லையே செவிப்பறைக் காயம்தான். எச்சில் விழுங்குவது, கொட்டாவி விடுவது, தாடையை அசைப்பது, மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதுவது, இவற்றை வீட்டிலேயே ஒரு வாரம் பழக்குங்கள். வலி வந்த பிறகு ஊதினால் காது திறக்காது, ஒவ்வொரு முறை லேசாக அடைக்கும்போதே செய்ய வேண்டும். ஆனால் பக்கவாதம் வந்த பலருக்கு விழுங்குவதே சிரமம், சொல்வதும் சரியாகப் புரியாது. அப்படிப்பட்டவருக்குத் தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொல்லவே கூடாது, புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். அழுத்தத்தை மிக மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள், முடியாவிட்டால் காது மருத்துவரிடம் செவிப்பறையில் சிறு குழாய் வைப்பது பற்றிக் கேட்கலாம்.

பேச முடியாதவரை உள்ளே அனுப்பும் முன் சைகைகளை முடிவு செய்துகொள்ளுங்கள். அப்பாவுக்கு நாங்கள் வைத்தது இரண்டுதான். நல்ல கையைக் காதில் வைத்தால் வலி, நிறுத்த வேண்டும், உள்ளங்கையை விரித்துக் காட்டினால் நன்றாக இருக்கிறேன். வீட்டில் பத்து நாள் பழகினோம். இயக்குபவர்களுக்கும் சொல்லி, சேம்பர் பக்கத்தில் எழுதி ஒட்டினோம். ஒரு நாள் புதிதாக வந்தவர் அதைப் படிக்காமல், அப்பா காதில் கை வைத்ததை வெறும் சொறிதல் என்று நினைத்து அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனார். நான் கண்ணாடியைத் தட்டிக் கத்திய பிறகுதான் நிறுத்தினார். அன்றிலிருந்து முதல் கால் மணி நேரம் நான் நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை, அவர் கண்ணில் படும்படி நின்றுகொண்டே இருந்தேன். நீங்களும் நில்லுங்கள்.

செயலிழந்த கையும் தோளும் எப்படி வைத்திருக்கிறது என்று பாருங்கள், உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டால் அவருக்குத் தெரியாது. அழுத்தத்தை இறக்கும்போது மூச்சைப் பிடிக்காமல் இயல்பாக விடச் சொல்ல வேண்டும். உதடு துடிப்பது, குமட்டல், திடீர்ப் பதற்றம், பார்வை குறுகுவது போன்றவை வலிப்புக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம், பார்த்தவுடன் சொல்லுங்கள். குறுகிய இடத்தைப் பார்த்துப் பயப்படுபவர்களை முதல் நாள் கதவை மூடாமல் ஐந்து நிமிடம் படுக்கவைத்துப் பார்ப்பது உதவும்.

பயிற்சியை விடாதீர்கள்

எனக்கு இதில் இருக்கும் பெரிய வருத்தமே இதுதான். சேம்பருக்குப் போக வர, உடை மாற்ற, காத்திருக்க என்று அரை நாள் போய்விடும், திரும்பி வந்தால் சோர்வு. அதனால் பலர் "இந்த ரெண்டு மாசம் பிசியோ வேண்டாம், இது முடியட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். அங்கே எனக்குப் பழக்கமான நான்கு குடும்பங்களில் இரண்டு அப்படித்தான் செய்தார்கள். பக்கவாதத்துக்குப் பிறகு கை கால் திரும்ப வருவதற்கு நம்மிடம் இருக்கும் உறுதியான வழி, செய்ய விரும்பும் காரியத்தையே திரும்பத் திரும்ப, நூற்றுக்கணக்கான தடவை செய்வதுதான். ஆக்சிஜன் ஏதாவது உதவுகிறது என்றே வைத்துக்கொண்டாலும், எழுந்த செல்லுக்கு வேலை கொடுக்க வேண்டாமா? சேம்பர் நேரத்தைப் பயிற்சி நேரத்தோடு மோதாமல் வாங்குங்கள், முடியவில்லை என்றால் பயிற்சிதான் ஜெயிக்க வேண்டும். ரத்த அழுத்த மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எதையும் "ஆக்சிஜன் எடுக்கிறோமே" என்று நிறுத்தக் கூடாது, அவைதான் அடுத்த பக்கவாதத்தைத் தடுப்பவை. மனச்சோர்வு இருந்தால் அதற்கும் தனியாக மருந்து கேளுங்கள். எழுந்து உட்காரவே மனமில்லாதவரிடம் எந்தப் பயிற்சியும் நடக்காது.

எப்போது நிறுத்துவது

இதை முதல் நாளே முடிவு செய்து எழுதி வையுங்கள், ஏனென்றால் நடுவில் மனம் கேட்காது. 20 அமர்வு முடிந்ததும் அதே மூன்று அளவுகளை மூன்று நாள் எடுங்கள். ஆரம்பத்தில் இருந்த ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே எல்லாம் இருந்தால், மீதியைத் தொடர்வதா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள், மையத்தில் உட்கார்ந்து அல்ல. முழுத் தொகையையும் முன்பே கேட்கும் இடத்தில் இந்தச் சுதந்திரம் போய்விடும், எனவே பகுதி பகுதியாகத் தர ஒப்புக்கொள்ளும் இடமாகப் பாருங்கள். நாற்பது முடிந்ததும் "இன்னும் இருபது போட்டால் பிடித்துக்கொள்ளும்" என்பார்கள். அப்போது பழைய காகிதத்தை எடுத்துப் பாருங்கள். அப்பாவுடைய நடை 22 வினாடிக்கு வந்தது, மூன்று மாதம் கழித்து 21. அதே காலத்தில் வீட்டு நடைபாதையில் கைப்பிடி போட்டோம், மாலையில் கூடுதலாக நடக்க வைத்தோம், அவர் முகத்தில் களையும் வந்திருந்தது. எது எதனால் என்று என்னால் பிரிக்க முடியவில்லை, அதனால் இன்னும் இருபது வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கைப்பிடியையும் மாலை நடையையும் தொடர்ந்தோம்.

கடைசியாக ஒன்று, நாங்கள் ஏறக்குறைய ஏமாந்தது. முப்பதாவது அமர்வுக்கு மேல் அப்பா, டிவி எழுத்து மங்கலாக இருக்கிறது என்றார். திரும்பவும் பக்கவாதமோ என்று நடுங்கிப்போனோம். திடீரென்று வரும் பார்வைக் கோளாறு என்றால் அப்படித்தான் பயந்து உடனே ஓட வேண்டும், அதில் மாற்றமே இல்லை. ஆனால் இவருக்கு நாலைந்து வாரமாக மெல்ல மெல்ல வந்தது, இரண்டு கண்ணிலும். பரிசோதித்துவிட்டு, இந்தச் சிகிச்சையில் பலருக்கு வரும் தற்காலிகக் கிட்டப்பார்வைதான் என்றார் கண் மருத்துவர். பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தானே பழைய நிலைக்கு வந்துவிடும். ஏற்கெனவே கண்புரை இருந்தால் மட்டும் அது வேகமாக முற்றலாம், எனவே ஆரம்பிக்கும் முன்பே ஒரு முறை கண்ணைக் காட்டிவிடுங்கள். மங்கல் வந்தவுடன் புதுக் கண்ணாடி வாங்கிவிடாதீர்கள், கடைசி அமர்வு முடிந்து மூன்று மாதமாவது போகட்டும், அப்புறம் பவர் பார்த்துக்கொள்ளலாம்.